வலமாக எண்ணிய மலை

சனிக்கிழமை காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது கைப்பேசி அடித்தது. திரையில் ‘சர்வேயர் மேடம்’ என்று பெயர் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதானே வருவார், அதற்குள் என்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். பேசியவர் அவருடைய கணவர் ஏழுமலை.

“சார், எங்க வூட்ல போயிட்டாங்க சார். விடியக்காத்தால நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள...”

தூக்கிய ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு அவர்கள் ஊரான களமருதூருக்குப் பஸ் ஏறினேன்.

நில அளவர் மலர்க்கொடி அவர்களைக் கள்ளக்குறிச்சிப் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. வரப்புத் தகராறு என்றால் குடையும் அளவுச் சங்கிலியுமாக வந்து நிற்பார். அளந்து முடித்ததும் இரண்டு பங்காளிகளும் ஒன்றுசேர்ந்து அவரைத் திட்டுவார்கள். “ரெண்டு பேரும் திட்டினா அளவு சரின்னு அர்த்தம் சார்” என்று சொல்லிச் சிரிப்பார். அவருடைய அலுவலகத்தாருக்குத் தெரியாத ஒரு மலர்க்கொடி உண்டு. அவரைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உள்ளே வந்து, “பழைய மானிட்டர் ஒண்ணு கிடைக்குமா சார்? நீல மூக்கு கேபிள் சொருவுற மாதிரி” என்று கேட்டார். அப்படிப்பட்ட மானிட்டரை நான் எடைக்குப் போடுவதற்காக அடுக்கி வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்டதும் கைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தார். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பலகை, நடுவில் கறுப்பாக ஒரு சிப்.

“இன்னா மேடம் இது?”

“எஃப்பிஜிஏ சார். உள்ள ஒண்ணுமே கட்டாத சிப்பு. நம்ம புறம்போக்கு மாதிரி. நாம எதைக் கட்டுறமோ அதுவா ஆயிடும்.”

அதில் அவர் கட்ட நினைத்தது ஒரு கிராஃபிக்ஸ் பிராசசர். எதையும் முக்கோணங்களாகப் பிரித்துத் திரையில் படம் வரையும் அந்தச் சிப்பின் உள்கட்டு முழுவதையும் யாரோ எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தார்கள். “பட்டா யார் பேருலயும் இல்ல சார்” என்றார். உங்கள் கைப்பேசியிலேயே இதைவிட நூறு மடங்கு நல்ல பிராசசர் இருக்கிறதே என்று கேட்டேன். என் தொழில் புத்தி அது.

“அது படம் காட்டும். எப்படிக் காட்டினன்னு கேட்டா சொல்லுமா? இதுல புரியலன்னா பாக்கலாம், புடிக்கலன்னா மாத்தலாம். அதுக்குத்தான தொறந்து வச்சிருக்காங்க?”

மானிட்டரைச் சும்மாவே கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டேனா என்றால், அடுத்த ஞாயிறு கடையிலேயே அவருக்கு இன்னொரு நாற்காலியும் வாங்கிப் போட்டேன்.

முதல் தடவை அந்தக் கட்டு பலகைக்குள் அடங்கவே இல்லை. இரண்டு சென்ட் மனையில் மூன்று மாடி கட்டப் பார்த்த கதைதான். படத்துக்கு மேல்பூச்சு ஒட்டுகிற பகுதியை வெட்டி எறிந்தோம், திரையின் புள்ளிகளைக் குறைத்தோம். ஒவ்வொரு முறை திருத்திவிட்டும் கம்ப்யூட்டர் அதைக் கட்டி முடிக்க இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தில் டீ வரும், கூடவே அவருடைய கேள்விகளும் வரும். ஒரு கோடு திரையில் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகிறது, இரண்டு முக்கோணம் ஒட்டுகிற இடத்தில் வரப்பு யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் கேட்பார். பாதிக்கு எனக்கே விடை தெரியாது. இருவரும் குனிந்து நிரலைப் படிப்போம். முப்பது வருடம் கம்ப்யூட்டர் கழற்றியிருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று நான் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஐந்தாவது மாதம், அந்த நிரலோடு கூடவே வந்த மாதிரிப் படம் ஓடியது. ஒரு பெட்டி, நீலத் திரையில் மெதுவாகச் சுற்றியது. மேடம் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நோட்டை எடுத்தார்.

கல்வராயன் மலையில் வேலை போடும்போதெல்லாம், சர்க்கார் கேட்ட அளவோடு, கேட்காத உயரத்தையும் தனக்காகக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். வெள்ளிமலையைச் சுற்றி இருபது வருட நடை அந்த நோட்டில் இருந்தது. “ஏறும்போது முன்னாடி இருக்கிற மேடு மட்டும்தான் சார் தெரியும். நடந்த மலைய ஒரே ஒரு தபா முழுசாப் பாக்கணும்” என்றார். அந்தப் புள்ளிகளை மூன்று மூன்றாகச் சேர்த்து முக்கோணங்களாக்கி, வரிசையாக எழுதி, சிப்புக்குக் கொடுத்தோம்.

மலை வரவில்லை. வெறும் நீலத் திரை.

பெட்டியைக் கொடுத்தால் பெட்டி வந்தது. மலையைக் கொடுத்தால் நீலம். கேபிளை மாற்றினோம், மின்சாரத்தைச் சந்தேகப்பட்டோம், நினைவகம் போதவில்லை என்று பாதி மலையை வெட்டிப் பார்த்தோம். ஒரு நாள் நான் பார்வைக் கோணத்தில் கழித்தல் குறியைத் தப்பாகப் போட்டுவிட்டேன். பார்க்கிற கண் மலைக்கு அடியில், தரைக்குக் கீழே போய்விட்டது. அப்போது கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஏதோ தெரிந்தது. மேடம் எழுந்தே நின்றுவிட்டார். “அடியில இருந்து பாத்தாத் தெரியுது சார். மேல இருந்து பாத்தா இல்ல. ஏன்?” என்றார். “அது குப்பை மேடம்” என்று சொல்லி அழித்துவிட்டேன். விடை அங்கேயே இருந்திருக்கிறது. அழித்தவன் நான்.

இதைவிடப் பெரிய தப்பும் செய்தேன். போன மாதம் எரிச்சலில், “உங்க அளவுலதான் கோளாறு இருக்கும்” என்று சொன்னேன். பங்காளிகள் திட்டினால் சிரிப்பவர், அன்று சிரிக்கவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த ஞாயிறு கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு போன் செய்து, “அளவு சரியா இருக்குங்க சார்” என்று மட்டும் சொன்னார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். நான் மன்னிப்பும் கேட்கவில்லை.

களமருதூர் இடுகாட்டில் ஏழுமலையின் தோளில் நீர்க்குடத்தை ஏற்றினார்கள். அவர் பாவம், கோயிலில் சுற்றுகிற பழக்கத்தில் வலப்பக்கம் கால் வைத்தார். பக்கத்தில் நின்ற பெரியவர் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

“வலமா இல்லப்பா. இதுக்கு எடமாச் சுத்தணும்.”

ஏழுமலை திரும்பி நடந்தார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு நான் முக்கோணத்தை நினைத்தேன். மேடம் எந்த மனையை அளந்தாலும் மூலைகளை வலமாகச் சுற்றித்தான் எண்ணுவார். மலையின் ஒவ்வொரு முக்கோணத்தையும் அப்படித்தான் எண்ணி எழுதியிருந்தார். சிப்புக்கோ ஒரு வழக்கம் உண்டு. மூன்று மூலையும் இடமாகச் சுற்றி வந்தால் அது முகம், வரையும். வலமாக வந்தால் அது முதுகு, நமக்குத் தெரியாத பக்கம் என்று நினைத்து வரையாமல் விட்டுவிடும். வேலையை மிச்சப்படுத்த யாரோ எழுதிவைத்த வரி. அந்த வரியை நாங்கள் படித்திருக்கிறோம். படித்துத் தாண்டிப் போயிருக்கிறோம். அடியிலிருந்து பார்த்தபோது வலம் இடமாகிவிட்டது, அதனால்தான் கிண்ணம் தெரிந்தது.

மறுநாள் கடையில் உட்கார்ந்தேன். அவர் எழுதிய வரிசைகளை எல்லாம் இடமாகத் திருப்பிவிடுவது சுலபம், ஒரு நொடி வேலை. கை வரவில்லை. இருபது வருடம் நடந்து எண்ணியதை நான் யார் திருப்புவதற்கு? சிப்பைத்தானே திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியில், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்த ‘பெரியது’ குறியைச் ‘சிறியது’ என்று திருப்பிப் போட்டேன். இருபது நிமிடம் காத்திருந்தேன். டீ வந்தது. கேள்வி கேட்க யாருமில்லை. அழுதேன்.

பிறகு மலை வந்தது.

நேற்று ஏழுமலையைக் கடைக்கு வரச் சொன்னேன். மேடத்தின் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தார். பச்சை முக்கோணங்களாக மலை மெதுவாகச் சுற்றியது.

“இது நம்ம மலையா சார்?”

“நம்ம மலைதாங்க.”

ஒரு பள்ளத்தில் விரலை வைத்தார். “இங்கதான் சார், போன மாசம் வண்டியில இட்டுக்கினு போவச் சொல்லி, என்னை அளவுகோலப் புடிச்சிக்கினு நிக்க வச்சாங்க. எல்லாத்தையும் திரும்ப அளந்தாங்க. ஏன்னு கேட்டேன். அளவு தப்புன்னு யாரோ சொல்லிட்டாங்களாம்.”

“யாரோ இல்லைங்க. நான்தான் சொன்னேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தப் பள்ளம் மறுபடி முன்னால் வரும்வரை காத்திருந்தார்.

“தப்பா இருந்துச்சா சார்?”

அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்லிவிடுகிறேன், மேடம். மூன்று வாரம் தாமதமாகச் சொல்கிறேன். அளவு சரியாகத்தான் இருந்தது.