எங்களுக்குக் கலெக்டர் போதும்

முக்கொம்புக்குப் போகிற வழியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற அந்த ஊரில் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு மூன்று வழிகள் உண்டு. டாக்டராகலாம், இன்ஜினியராகலாம், இரண்டுக்கும் வயது தாண்டிவிட்டால் கலெக்டராகலாம். நான்காவதாக ஒரு வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவரை மரியாதையாக உட்காரவைத்து, மோர் கொடுத்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரிப்பார்கள்.

மருதையின் இளைய மகள் ஆனந்தவள்ளிக்கு அந்த நான்காவது வழிதான் வேண்டியிருந்தது.

சிவில் சர்வீஸ் பரீட்சையின் எழுத்துத் தேர்வில் அவள் பாஸானாள். இன்னும் டெல்லியில் நேர்முகத் தேர்வு பாக்கி. அதற்கப்புறம்தான் ரேங்க், ரேங்க்கைப் பார்த்துத்தான் வேலை. ஊர் அவ்வளவு நாள் பொறுக்குமா? மறுநாள் காலையிலேயே பஸ் நிறுத்தத்தில் ஃபிளக்ஸ் பேனர் ஏறிவிட்டது. 'வருங்கால கலெக்டரை வாழ்த்தி வணங்குகிறோம்.' நடுவில் ஆனந்தவள்ளியின் கல்லூரி அடையாள அட்டைப் படம், போலீஸ் தேடுகிற ஆளைப் போல. சுற்றிலும் வாழ்த்துகிறவர்கள், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, அவளைவிடப் பெரிதாக. வைத்தவர் மருதை.

மத்தியானம் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பேனர், இதைவிட ஒரு முழம் அகலமாக. அதை வைத்தவர் வெள்ளைச்சாமி. மருதையின் பெரியப்பா மகன், ஆனந்தவள்ளிக்குப் பெரியப்பா முறை. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் மருதையோடு பல வருஷமாகப் பேச்சில்லாதவர். தோட்டத்துத் தண்ணீரைத்தான் மறிப்பாரே தவிர, வருகிற பெருமையில் அவருக்குப் பாதி வேண்டும்.

இரண்டு பேனரிலும் ஒரே தவறு. கலெக்டராக வேண்டும் என்று ஆனந்தவள்ளி ஒருநாளும் சொன்னதில்லை. வெளியுறவுப் பணி, வெளிநாட்டிலே நம் தூதரகத்தில் வேலை என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரும் காது கொடுக்கவில்லை. ஃபிளக்ஸ் கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்?

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது ஒன்றும் ரகசியமில்லை. அவள் ப்ளஸ் டூ படிக்கும்போது, அம்மா பவுனம்மாளின் தம்பி அழகர்சாமி வளைகுடாவில் மாட்டிக்கொண்டார். கம்பெனியை மூடிவிட்டார்கள், சம்பளம் இல்லை, பாஸ்போர்ட் முதலாளி கையில். வீட்டில் எல்லோரும் ஒழுங்காக முறை வைத்து அழுதார்கள். அழாமல் மிச்சமிருந்தவள் ஆனந்தவள்ளி ஒருத்திதான். எங்கெங்கோ தேடித் தூதரகத்தின் நம்பரைக் கண்டுபிடித்து அடித்தாள். எடுத்தது ஒரு பெண் குரல். இந்தியில் ஆரம்பித்து, இவள் திணறியதும் கொச்சைத் தமிழுக்கு மாறியது. "பதறாம சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்." அந்தக் குரல் அதோடு விடவில்லை, திரும்பத் திரும்பத் தானே கூப்பிட்டது. ஒருநாள் அழகர்சாமி ஒரு பிளாஸ்டிக் பையோடு திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கினார்.

ஊரே சேர்ந்து கருப்பு கோயிலில் கிடா வெட்டியது. போனை எடுத்த அம்மாளுக்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கருப்பு எந்த நம்பரிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டார் என்றும் யாரும் கேட்கவில்லை. எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஆனந்தவள்ளி மட்டும் அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்து போன் எடுப்பதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரி முடித்த பிறகு அவள் வாழ்க்கை பஸ்ஸில் கழிந்தது. காலையில் சத்திரம் பேருந்து நிலையம், அங்கிருந்து ஸ்ரீரங்கம். சித்திரை வீதியில் சிநேகிதி ஹம்ஸாவின் வீட்டு மாடியில் இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள். முதல் தடவை ஃபெயில். இரண்டாவது தடவையும். ஹம்ஸா பேங்க் பரீட்சை எழுதி வேலைக்குப் போய்விட்டாள், மாடியை மட்டும் ஆனந்தவள்ளிக்கு விட்டுவைத்தாள். மூன்றாவது தடவையும் போனபோது உறவுக்காரர்கள் சீப்புச் சீப்பாக வாழைப்பழம் வாங்கிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தார்கள். வாழைத் தோட்டம் வைத்திருக்கிறவர் வீட்டுக்கு வாழைப்பழம். பெண் பார்க்க வந்தவர்களும் உண்டு. அதில் ஒருவர் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "ஃபாரின் வேலைங்களா? எந்த ஏஜென்ட் மூலமா போறீங்க?"

பேனர் ஏறியபிறகு வேறு மாதிரி கூட்டம் வர ஆரம்பித்தது. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமைதான் மனு வாங்குவார்கள். மருதை வீட்டில் எல்லா நாளும் திங்கட்கிழமையானது. பட்டா மாற்ற வேண்டும், மகனுக்கு டிரான்ஸ்ஃபர் வேண்டும், பக்கத்து வீட்டு முருங்கை மரம் இந்தப் பக்கம் சாய்கிறது. "நான் கலெக்டர் இல்லைங்க. ஆகப்போறதும் இல்லை," என்றாள் ஆனந்தவள்ளி. "ஆமா ஆமா, இப்பவே சொல்லிக்கக் கூடாது, கண்ணு பட்டுடும்," என்று மனுவைக் கையில் திணித்துவிட்டுப் போனார்கள்.

எந்த வேலை முதலில் வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. அதில் எதை முதலில் போடுகிறாளோ, ரேங்க் வந்தால் அதுதான் கிடைக்கும். அப்பாவுக்குத் தெரியாமல் போட்டுவிட்டு வர அவளுக்கு மனமில்லை. இத்தனை வருஷம் வாழைத்தார் விற்ற காசில் பஸ் ஏறியவள். சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தாள்.

"அப்பா, நான் ஃபாரின் சர்வீஸைத்தான் முதல்ல போடப்போறேன்."

"ஃபாரின்ல நமக்கு என்ன தோட்டமா இருக்கு?" என்றார் மருதை. "தோட்டம் இங்க இருக்கு. தண்ணி இங்க இருக்கு. தண்ணிய மறிக்கிறவனும் இங்கதான் இருக்கான். நீ அங்க போயி யாருக்குக் கும்பிடு போடப்போற?"

"கலெக்டரானாலும் சொந்த ஊர்ல போட மாட்டாங்கப்பா."

"அதெல்லாம் சொல்லி வாங்கிக்கலாம்."

"மாமாவை யாருப்பா கூட்டிட்டு வந்தா? தூதரகம்தானே?"

அன்று சாப்பிட வந்திருந்த அழகர்சாமி நிமிர்ந்தார். "அது கருப்பு செஞ்சதும்மா. நீ கலெக்டராகு. என் வீட்டுக்கு முன்னால ரோடு ரொம்ப மோசம்."

ஆனந்தவள்ளி தட்டைத் தள்ளிவைத்தாள். "சரிப்பா. தண்ணித் தகராறு தீந்துட்டா?"

மருதை சிரித்துவிட்டார். "அது தீரட்டும். அப்புறம் நீ சந்திர மண்டலத்துக்கே போ. நான் ஏன்னு கேக்கல."

அம்மா பவுனம்மாள் சாட்சி. அழகர்சாமியும் சாட்சி, ஆனால் அவர் குழம்பில் கவனமாக இருந்தார்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் ஹம்ஸாவிடம் சொன்னாள். ஹம்ஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐ.நா. சபை தேவலைடி. சரி, ஒண்ணு கேக்கறேன். நிஜமாவே தண்ணிதானா? எங்க பக்கம் பாரு, சொத்துக்குச் சண்டைன்னு வெளில சொல்லுவா. உள்ள போய்ப் பாத்தா, எப்பவோ தீர்த்தம் கொடுக்கறச்சே இவரை விட்டுட்டு அவருக்கு முதல்ல கொடுத்திருப்பா. உங்க பெரியப்பாவுக்கு எங்க பட்டுதுன்னு முதல்ல கேளு."

அதைத்தான் ஆனந்தவள்ளி போய்க் கேட்டாள். வெள்ளைச்சாமி முதலில் மடை, முறை, மேல்பாய்ச்சல், கீழ்பாய்ச்சல் என்று ஒரு மணி நேரம் பாசனச் சரித்திரம் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் காபி வந்தது, கூடவே உண்மையும் வந்தது.

"தண்ணி கிடக்குது பாப்பா. உங்க அக்கா விஜயராணி கல்யாணத்துக்கு உங்கப்பன் எனக்கு எங்க வச்சுப் பத்திரிகை குடுத்தான் தெரியுமா? சத்திரம் பஸ் ஸ்டாண்டுல! நான் டவுன் பஸ்ஸுக்கு நிக்கிறேன். எதுக்க வந்தான். 'அண்ணே, நல்லவேளை பாத்தேன், அவ்வளவு தூரம் அலையாம போச்சு'ன்னு பையிலேருந்து உருவி நீட்டுறான். தட்டு இல்லை, வெத்தலை பாக்கு இல்லை, பொண்டாட்டியக் கூட்டிட்டு வரலை. நான் என்ன, நோட்டீஸ் வாங்குற ஆளா?"

"அன்னிக்கு மடைய அடைச்சீங்களா?"

"பஸ்ஸ விட்டு எறங்குனதும் அதான் மொத வேலை."

இத்தனை வருஷம் மருதையின் தோட்டம் காய்ந்தது, விஏஓ நடந்து செருப்புத் தேய்ந்தது, பொதுப்பணித் துறைக்குப் புகார் போனது, எல்லாம் ஒரு வெற்றிலைக்காக. மருதைக்கு இது தெரியாதா? தெரியும். அதை ஒத்துக்கொள்வதைவிட அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

இப்போது ஒரு விசேஷம் வேண்டும், முறையாக அழைக்க. மகள் பாஸானதற்குக் கருப்புக்குக் கிடா வெட்டுவதாகப் பவுனம்மாள் ஏற்கனவே வேண்டியிருந்தாள். ஆனந்தவள்ளி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போயி அவன் வாசல்ல நிக்கணுமா?" என்று குதித்தார் மருதை.

"நிக்க வேண்டாம்ப்பா. நீங்க வந்தா வாசலுக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு."

வெள்ளைச்சாமி சொன்னது, "வந்தா நாயை அவுத்து விட மாட்டேன்" என்பது. அவள் அதைக் கொஞ்சம் மொழிபெயர்த்தாள், அவ்வளவுதான்.

மருதையும் பவுனம்மாளும் ஜோடியாக, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழம் வைத்துக்கொண்டு போனார்கள். வெள்ளைச்சாமி தட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே மடை திறந்தது. கிடா விருந்தில் அண்ணனும் தம்பியும் ஒரே இலையில் சாப்பிடாத குறை.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டதும் இரண்டு பேரும் ஒன்றாக ஆனந்தவள்ளியைக் கூப்பிட்டார்கள்.

"பாப்பா," என்றார் வெள்ளைச்சாமி, "நானும் உங்கப்பனும் கலந்து பேசிட்டோம். நீ கலெக்டருக்கே போடு."

அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "தகராறு தீந்தா என் இஷ்டம்னு அப்பா சொன்னாரு, பெரியப்பா."

"அப்ப நான் ஒருத்தன் கேட்டேன்," என்றார் மருதை. "இப்ப ரெண்டு பேரு கேக்குறோம். எங்களுக்குக் கலெக்டர் போதும்மா."

பல வருஷப் பகையாளிகளைச் சேர்த்துவைத்தாள், அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அவளை எதிர்த்ததுதான். இதைத்தான் வெற்றிகரமான பேச்சுவார்த்தை என்கிறார்கள் போலிருக்கிறது.

கடைசி நாளன்று அவள் அப்பாவின் எதிரிலேயே உட்கார்ந்து, போனில் வெளியுறவுப் பணியை முதலில் போட்டு அனுப்பினாள். "அனுப்பிட்டேன்ப்பா," என்றாள். மருதை எழுந்து தோட்டத்துக்குப் போனார். அன்றிலிருந்து மகளோடு பேசவில்லை.

அந்த ஊரில் பேச்சை நிறுத்துவது சுலபம், நடத்துவதுதான் கஷ்டம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு சாப்பாடு, பஸ், கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் இடையில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. பவுனம்மாள், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மிதிபட முடியாது," என்று கையை விரித்துவிட்டாள். மிச்சமிருந்தவர் வெள்ளைச்சாமி. ஆரம்பத்தில் சலித்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டார். நாலே நாளில் வேலை பிடித்துவிட்டது. காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்துவிடுவார். "உங்கப்பன் கேக்குறான், மதியத்துக்கு இருப்பியான்னு." "இருப்பேன்னு சொல்லுங்க பெரியப்பா." அதை மருதையிடம் கொண்டுபோகும்போது, "இருக்குறேன்னு ரொம்பப் பணிவாச் சொல்லுச்சு," என்று ஒரு கரண்டி நெய் ஊற்றிக் கொடுப்பார். தூதர் வேலை வேண்டாம், கலெக்டர் போதும் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

டெல்லி ரயில் ஏறும் நாளன்று திருச்சி ஜங்ஷனுக்கு எல்லோரும் வந்தார்கள். பேசாவிட்டாலும் வழியனுப்ப வராமல் இருக்க முடியுமா? மருதை பெட்டியிலிருந்து தள்ளி, குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெள்ளைச்சாமி அங்கும் இங்கும் நடந்தார்.

"புளிசாதம் எடுத்தியான்னு கேக்குறான்."

"எடுத்துட்டேன்."

போனார், வந்தார். "அங்க குளிருமாம்."

"ஸ்வெட்டர் இருக்கு பெரியப்பா." அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்மேல இன்னும் கோவமான்னு கேளுங்க."

வெள்ளைச்சாமி போனார். தம்பியின் பக்கத்தில் நின்றார். அவர் கேட்டது ஆனந்தவள்ளிக்குத் தெரிந்தது. மருதையின் உதடு அசையவில்லை என்பதும் தெரிந்தது. ரயில் ஊதியது. வெள்ளைச்சாமி பாதி வழியிலிருந்தே, வாய்க்கால் கரையில் கத்துகிற குரலில் கத்தினார்:

"எந்த நாட்டுல போட்டாலும் தைரியமாப் போயிட்டு வரச் சொல்றான்!"

பிளாட்ஃபாரமே திரும்பிப் பார்த்தது. மருதையும் திரும்பினார். நான் எப்போது சொன்னேன் என்று கேட்க வாயைத் திறந்தார். அண்ணனைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு வேகமாக நடந்துவந்து, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கம்பி வழியாக மகளிடம் நீட்டினார். விளிம்பு வரை பிடித்திருந்தார், அவள் மடியெல்லாம் நனைந்தது. ரயில் நகர்ந்தது. அவர் கூடவே இரண்டு எட்டு நடந்து நின்றார்.

"டேய் மருதை," பின்னாலிருந்து வெள்ளைச்சாமி கத்திக்கொண்டே ஓடிவந்தார், "மூடி உன் கையிலேயே இருக்குடா! மூடியக் குடுடா!"