தையலுக்கு விட்ட எழுத்து

எங்கள் அம்மா எந்தத் துணியில் கோடு போட்டாலும் இரண்டு கோடு போடுவாள். உள்கோடு தைப்பதற்கு, வெளிக்கோடு வெட்டுவதற்கு. கத்தரி வெளிக்கோட்டைத் தாண்டி உள்ளே போனால் என் காது அம்மாவின் கையில் இருக்கும். ஒன்பது வயதுக்குள் நான் பழுதில்லாமல் கற்றிருந்த ஒரே வித்தை அது. அதுவே வினையாயிற்று.

இராஜாக்கமங்கலம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அம்மா தையல்கடை தொடங்கவிருந்தாள். அப்பா மஸ்கட்டில் இருந்தார். கடை அறை பெரியப்பாவுடையது. “போர்டுல தம்பிக்க பேரப் போட்டாப் போரும். பொம்பளப் பேரு எதுக்கு ரோட்டுல?” என்றார் அவர். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, ஃபிளெக்ஸ் கடையில் தன் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

கூடவே ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் அட்டையையும் நீட்டினாள். அப்பா அனுப்பிய பெட்டியில் வந்தது. அதன் தலைப்பெழுத்துகளில் எனக்கும் ஆசை. நெட்டுக்கோடுகள் நல்ல தடிமன், அவற்றைச் சேர்க்கும் கோடுகள் மயிரிழை, அடியில் செருப்புப் போட்டதுபோல் சின்னப் பாதம்.

“தடியா மட்டும் எழுதுனா அரிசிக்கடை. மெல்லிசா மட்டும் எழுதுனா கல்யாணக் கார்டு. எனக்கு ரெண்டும் வேணும். பஸ்ஸுல இருந்து பாத்தாலும் தெரியணும்.”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “தமிழ்ல இப்பிடி எழுத்து நம்ம கம்ப்யூட்டர்ல இல்லியே அக்கா.”

“கம்ப்யூட்டர்ல இல்லேன்னா கத்திரியில இருக்கு” என்று அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

கறுப்பு ரெக்சினில் முழ உயர எழுத்துகளை அவள் சாக்கட்டியால் வரைய, நான் வெட்டினேன். அந்தி சாயும்போது வெள்ளைப் பலகையில் ஆணியடித்துக் கடைமுகப்பில் மாட்டியாயிற்று.

மறுநாள் கடை திறப்புக்குப் பால்காய்ப்பு. பத்து மணிவரைதான் நல்ல நேரம். காலையில் சாலைக்கு அப்பால் நின்று பார்த்த அம்மாவின் முகம் மாறியது. மயிரிழைகள் எல்லாம் கட்டைவிரல் தடிமன்! அவளுடைய கை பழக்கத்தில் எழுத்துக்கும் தையலுக்கு அரை இஞ்சு விட்டிருக்கிறது. என் கை பழக்கத்தில் வெளிக்கோட்டிலேயே வெட்டியிருக்கிறது. எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. பெயரே தெரியவில்லை.

“டயர வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கு. எளக்கிப் போடு, தம்பி பேர எழுதிக்கிடலாம்” என்றார் பெரியப்பா. நான் அழுதுவிட்டேன்.

“கோடு போட்டது நாந்தானே மக்கா, கரையாத” என்ற அம்மா, பெரிய கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஆணியை இளக்கி, உள்கோடு வரைக்கும் ஒவ்வோர் எழுத்தாக நறுக்கினாள். கறுப்புச் சுருள்கள் எங்கள் தலையில் விழுந்தன. ஏணியைப் பிடித்திருந்த பெரியப்பா நேரமாச்சு, நேரமாச்சு என்று நாலு தடவை சொன்னார். பஸ்கள் வந்து நின்று போயின. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி எழுத்து முடிந்தபோது பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

“ஏட்டி, ஏணியப் புடி” என்று என்னிடம் விட்டுவிட்டுப் பெரியப்பா சாலையைக் கடந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்று அந்தப் பெயரை வாய்விட்டு வாசித்தார். வீட்டில் அவர் அம்மாவைக் கூப்பிடுவது “இந்தா” என்றுதான். வெளியாட்களிடம் “தம்பிக்க வீட்டுக்காரி” என்பார்.

ஏணி உச்சியிலிருந்து அம்மா, “என்ன அத்தான்?” என்றாள்.

“ஒண்ணுமில்ல” என்றார் பெரியப்பா.

அவர் போர்டைத்தானே வாசித்தார், இவள் எதற்குப் பதில் சொல்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு. பலகையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அம்மா ஏன் இறங்காமலே நின்றாள் என்பதும் புரியவில்லை. நல்ல நேரம் போய்விடப் போகிறது, சீக்கிரம் இறங்கு என்று கீழேயிருந்து கத்திக்கொண்டிருந்தேன்.