வசந்தா அக்கா சொல்லாத பெயர்

வசந்தா அக்கா போய்விட்டார் என்ற செய்தி அலுவலகக் குழுவில் வந்தபோது, நான் ஒலித்தொகுப்புக்காக ஹெட்போனில் அவருடைய குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். காதுக்குள் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தச் செய்தியை எப்படி நம்புவது?

கண்ணில் கருவி மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் கதை ஒன்றை எங்கள் ஸ்டுடியோவில் தயாரித்துக்கொண்டிருந்தோம்; அதை எழுதியவர் அவர்தான். கதை நடப்பது வரப்போகும் ஒரு காலத்தில். எல்லோருடைய நினைவுகளையும் அரசே சேமித்து வைக்கிறது. கருவியைக் கண்ணில் மாட்டினால் இறந்தவர்கள் எதிரே வந்து இனிக்க இனிக்கப் பேசுவார்கள். "அதாம்பா பயங்கரம். செத்தவங்களுக்கும் கோவிச்சுக்க உரிமை உண்டு. சும்மனே அழகு பண்ணாதீங்க" என்பார் அக்கா. கதையில் வரும் இறந்த தாய்க்கு, நடிகை கிடைக்கும்வரை அவரே தற்காலிகக் குரல் கொடுத்தார். வசனத்துக்கு நடுவே எங்களையும் நாலு திட்டு திட்டிவிடுவார்.

காரியம் முடிந்த மறுவாரம் அவர் கணவர் நடராஜன் சார் மல்லேஸ்வரம் வீட்டிலிருந்து ஸ்டுடியோவுக்கு வந்தார். "ஒரே ஒரு தடவை அவ எங்கிட்ட பேசற மாதிரி பண்ண முடியுமாப்பா?" முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவின் குரலைக் கணினிக்குக் கொடுத்து, புதிதாக ஒரு வரி பேசவைத்தேன்: "நடராஜன், நான் நல்லா இருக்கேன். கவலைப்படாதீங்க."

சார் ஆசையாகக் கருவியை மாட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

"யாருப்பா இது? அவ எம் பேர சொன்னதே இல்லியே. கல்யாணமானதுலேருந்து 'என்னங்க'தான். ஆஸ்பத்திரில நர்ஸ் வீட்டுக்காரர் பேரக் கேட்டப்பகூட என்னைக் கைகாட்டினாளே தவிர, வாயத் திறக்கல."

எந்தக் கொடுமையை அக்கா கதையாக எழுதினாரோ, அதையே அவர் வீட்டுக்காரருக்குச் செய்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

வேறு வழி தெரியாமல், வெட்டாத பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டேன். சார் சாப்பாட்டுப் பையோடு ஸ்டுடியோவுக்குள் நுழைந்த நாள் அது. வசனம் பாதியில் நிற்க, அக்கா பொரிகிறார்: "என்னங்க, ரெக்கார்டிங் நடக்கறது தெரியல? செருப்ப வெளில விடுங்க. இன்னிக்கும் மாத்திரை போடாமதானே வந்தீங்க?"

சார் சிரித்தார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். "ஆமாடி, போடல" என்றார்.

கணினி பேசிய வரியை அன்றே அழித்துவிட்டேன். கதையில் வரும் தாய்க்கு அக்காவின் குரலே இருக்கட்டும், நடிகை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தத் திட்டு ஒன்றுதான். அதைக் கேட்க சார் அவ்வப்போது வருகிறார். இப்போதெல்லாம் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வருகிறார்.