முகமூடிக்குக் கீழே தெரிந்த ஷூ

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மிச்சப் படிப்பெல்லாம் ஆட்களின் வாயைப் பார்த்துப் படித்ததுதான். யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. சம்பளத் தேதி மறந்தாலும் அது மறக்காது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் துபாயில், ஜெபல் அலியில் ஒரு வேர்ஹவுஸில் வேலை. கம்பெனி ஆட்களைத் தங்கவைக்கும் கேம்ப்பில் எங்கள் ரூமில் ஆறு பேர். கதவுக்குப் பின்னால் சமையல் முறைப் பட்டியல் ஒட்டியிருக்கும். சனி முதல் வியாழன் வரை ஆளுக்கொரு நாள். வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு பேர், நானும் அவனும். மீன் வாங்கிக் குழம்பு வைப்பது அவன், வெங்காயம் உரித்து நறுக்குவது நான்.

அவனும் சிவகங்கைப் பக்கம்தான். அவன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில் ஒரு கண்மாய். ஊரில் இருந்தவரை அவன் தெருவில் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் குடிக்கமாட்டார்கள், அவ்வளவுதான். இங்கே வந்து நாலு வருடம் அவன் கைக்குழம்பைத் தின்று தொப்பை போட்டிருந்தேன். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் யோசித்ததே இல்லை. அவன் என்னை மாப்ள என்பான், நான் அவனை மச்சான் என்பேன். தட்டை வைத்ததும் அவன் சொல்வது ஒன்றே ஒன்று: "மாப்ள, இப்பவாச்சும் வாய மூடு. நீ பேசிக்கிட்டே தின்னா கொழம்புக்குக் கோவம் வரும்."

ஒருநாள் டூட்டி முடிந்து வந்தபோது கிரேன் ஓட்டும் அண்ணன் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். எங்கள் ஆள். கையில் அச்சடித்த நோட்டீஸ்.

"தம்பி, ஒனக்கு வாய் இருக்கு. மைக்கக் குடுத்தா அசத்திருவ. நம்மாளுகளுக்கு இங்க ஒரு சங்கம் ஆரம்பிக்கிறோம். நீதான் செயலாளர்."

தலைவர், துணைத்தலைவர், வளைகுடா அமைப்பாளர் என்று நோட்டீஸில் வரிசையாக இருந்தது. நாலாவது வரியில் என் பேர், தடித்த எழுத்தில். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அச்சில் வராத பேர் அது. எனக்குக் கால் தரையில் இல்லை.

"இன்னொன்னு. கேம்ப் பாஸ்கிட்டப் பேசி தனியா ஒரு ரூம் வாங்கியாச்சு. நம்மாளுக மட்டும். சமையலும் தனி."

"ரூம் எதுக்குண்ணே? இருக்கிற ரூமே நல்லாத்தான இருக்கு."

"என்னத்த நல்லாருக்கு? அவன் ஒன்ன மாப்ளங்கிறான், நீ வாய் நெறைய மச்சாங்கிற. ஊருக்குத் தெரிஞ்சா ஒன் மகளுக்கு நல்ல எடத்துல இருந்து எவன் வருவான்?"

"சரிண்ணே" என்றேன். வெள்ளிக்கிழமை காலை கேம்ப்புக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் கூட்டம். செயலாளர் உரை நான்.

அந்தச் சமயம் எங்கள் வேர்ஹவுஸில் பார்கோடு மெஷின் சொல்லிக்கொடுக்க ஓர் அமெரிக்காக்காரர் மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். கறுப்பர், அந்த நாட்டின் தெற்குப் பக்கம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பீட்சா வரவழைத்துத் தின்றுகொண்டிருந்தவர், ஒரு சனிக்கிழமை எங்கள் கேரியரில் மிச்ச மீன் குழம்பை ருசி பார்த்தார். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு எங்களோடுதான், கையாலேயே. தட்டை வழித்துவிட்டு, "டுமாரோ?" என்பார். என் மச்சான் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "டுமாரோ பருப்பு" என்பான்.

புதன்கிழமை மதியம் மச்சான் கன்டெய்னர் இறக்கப் போய்விட்டான். நான் நோட்டீஸை வைத்துக்கொண்டு உரையை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அது என்ன பேப்பர் என்றார் அமெரிக்காக்காரர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பேரைத் தொட்டுக் காட்டி, வரிவரியாக எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

"நல்ல கிளப். யார் வேணும்னாலும் சேரலாமா?"

"எங்க ஆளுங்க மட்டும்."

"உன் ஃப்ரெண்ட்? குழம்புக்காரர்?"

"அவன் வேற ஆளுங்க."

"எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? ரெண்டு பேரும் ஒரே கலராத்தான் இருக்கீங்க."

பார்கோடு மெஷினைப் பற்றி அரை மணி நேரம் பேசும் அளவுக்கு என்னிடம் இங்கிலீஷ் இருந்தது. இதற்கு ஒரு சொல்கூட இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"எங்க ஊர்லயும் ஒரு கிளப் இருந்துச்சு. அடிமைகளுக்காக ஒரு சண்டை நடந்துச்சில்ல, அதுல தோத்த பக்கத்துச் சிப்பாய்கள், வெள்ளைக்காரப் பையன்கள், நாலஞ்சு பேர் பொழுது போகாம ஆரம்பிச்சாங்க. விளையாட்டுத்தான். பூதம், மந்திரவாதின்னு ஆளுக்கொரு பட்டம். வெள்ளைத் துணியில அங்கி, கூம்பு மாதிரி முகமூடி. குதிரைல போயி எங்க ஆளுங்களப் பயமுறுத்துனாங்க. அப்புறம் சாட்டை. அப்புறம் வீட்டுக்குத் தீ. அப்புறம் மரத்துல கயிறு. ஓட்டுப் போடப் போனவன், பள்ளிக்கூடம் வச்சவன், நெலம் வாங்குனவன், யாரையும் விடல. அரசாங்கம் சட்டம் போட்டு அடக்குச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு மறுபடி மொளச்சுது. இந்தத் தடவை பெரிய கிளப். பிக்னிக், ஊர்வலம், பேண்டு வாத்தியம், பொம்பளைங்களுக்குத் தனிப் பிரிவு, பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு. அதுவும் ஓய்ஞ்சு, நான் சின்னப் பையனா இருந்தப்ப மூணாவது தடவை."

"நாங்க யாரையும் அடிக்க மாட்டோம் சார். சமையல் மட்டும்தான் தனி" என்றேன்.

"பிக்னிக் அன்னைக்கு அவங்களும் யாரையும் அடிக்கல" என்றார், முருங்கைக்காய்ச் சக்கையை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே.

பிறகு அவருடைய அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் துணி துவைத்து இஸ்திரி போட்டவர். சில வாரம் அழுக்கு மூட்டைக்குள் அந்த அங்கியும் கிடக்குமாம். அதையும் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொடுத்துவிடுவாராம். தெருவில் ஊர்வலம் போனால், ஜன்னலோரம் பிள்ளைகளை நிறுத்தி வைத்துக்கொண்டு கீழே பார்க்கச் சொல்வாராம். "முகம்தான மூடியிருக்கு, ஷூவப் பாருங்க. அது மருந்துக்கடைக்காரர். இது உங்களுக்கு மிட்டாய் குடுக்கிறவர்." சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார். அன்றைக்கு "டுமாரோ?" கேட்கவில்லை.

வியாழக்கிழமை மாலை ரூமுக்கு வந்தால், பட்டியலில் வெள்ளிக்கிழமைக்கு நேராக என் பேர் அடிக்கப்பட்டிருந்தது. ஒரே கோடு, ஸ்கேல் வைத்து அடித்தது. மச்சான் கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான் இது?"

"நீங்க ரூம் மாறுறீங்கன்னு சொன்னாங்க. அதான்."

நாலு வருடத்தில் அவன் என்னை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஊரில் அவன் ஆட்கள் என் ஆட்களிடம் பேசுகிற 'நீங்க' அது. அதைக் கடல் தாண்டி இந்த ரூமுக்குள் கொண்டுவந்தது நான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவன் வாங்கி வந்த மீனைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் வெங்காயக் கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்குக் கிச்சன் வாசலில் கிரேன் அண்ணன்.

"தம்பி, எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. நீ என்ன பண்ற?"

"இன்னைக்கு என் முறைண்ணே."

"என்ன முறை?"

"வெங்காயம்."

"சங்கத்தவிட வெங்காயம் பெருசாப் போச்சா?"

"ஆறு பேரு சாப்பாடுண்ணே. செயலாளருக்கு வேற ஆளப் பாருங்க. ரூமும் மாறல."

"மக இருக்கா ஒனக்கு. மறந்துறாத."

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் கீழே பார்த்தேன். சேஃப்டி ஷூ. இடதுகாலில் லேஸ் அறுந்து நைலான் கயிறு கட்டியிருந்தது. போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்த கால் அது. கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் இதில் சங்கடமே. அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்த ஷூ என் கண்ணுக்குள் நின்றது. கண்ணில் தண்ணீர், பழியை வெங்காயத்தின் மேல் போட்டுக்கொண்டேன்.

அடுப்பில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தது. மச்சான் என் தட்டை எட்டிப் பார்த்தான்.

"என்ன நறுக்கிருக்க? ஒவ்வொன்னும் ஒரு கல்லு மாதிரி இருக்கு."

"எது?"

"காது கேக்கலையா மாப்ள? பொடிசா நறுக்கு."

பொடியாக நறுக்கினேன். அதைவிடப் பொடியாக வெங்காயத்தை யாரும் நறுக்கியிருக்கமாட்டார்கள். சங்கம் வேறொரு செயலாளரை வைத்து நடந்தது. என் பேர் அச்சில் வந்தது அந்த ஒரு நோட்டீஸோடு சரி. அடித்த பேருக்கு மேலேயே பேனாவால் மறுபடி எழுதிக்கொண்டேன். மகளிடம் அந்த வாரம் போனில் சொன்னேன். "அந்த மாமா கொழம்ப எனக்கு எப்பப்பா தருவ?" என்று கேட்டாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் அமெரிக்காக்காரர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். தட்டை வழித்துவிட்டு விரலை உயர்த்தினார்.

"டுமாரோ?"

"டுமாரோ பருப்பு" என்றான் மச்சான்.