கோரம் இருக்கா?

பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. கோரம்மா என்றால்தான் தெரியும். ஆலோசனைக் குழுக் கூட்டம் தொடங்குமுன் தலைவர் "கோரம் இருக்கா?" என்பார். வாசலோரம் நிற்கும் இவள் ஆட்களை எண்ணி "இருக்குங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் அது கூட்டம். மகள் சின்ன வயதில் அகராதியைப் பார்த்துவிட்டு, "கோரம்னா பயங்கரம்னு போட்டிருக்கும்மா. நீ அதையா போய்ப் பார்த்துட்டு வர்ற?" என்று அழுதிருக்கிறாள். கூட்டம் நடக்கக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஆபீஸ்காரர்கள் வைத்திருக்கும் பேர் அது என்று விளக்குவதற்குள் இவளுக்கு வாய் வலித்துவிட்டது.

குடிநீர்க் கிணறுகளைப் பற்றி அரசுக்கு யோசனை சொல்லும் குழு. அரசு கேட்டதா என்று கேட்காதீர்கள். ஏழு நாற்காலி, நான்கு பேர் வந்தால் கோரம். மூன்று இடங்களை நிரப்ப யாருக்கும் மனசு வரவில்லை. மிச்சம் இருந்தவர்கள் தலைவரான பழைய என்ஜினீயர், ஒரு டாக்டரம்மா, பம்புசெட் கடைக்காரர், அறிவியல் வாத்தியார். வாத்தியார் லேசில் எதற்கும் சம்மதிக்க மாட்டார். இரண்டு தடவை செருமுவார். தலைவர் நிமிராமலே "சொல்லுங்க வாத்தியாரே" என்பார். "ஒரு சின்ன ஆட்சேபணை" என்று ஆரம்பித்துக் கூட்டம் முடியும்வரை அறுப்பார். ஆனால் போகும்போது வாசலில் நின்று, "பொண்ணு எப்படிப் படிக்குது?" என்று கோரம்மாவைக் கேட்காமல் போனதில்லை.

அவள் முகங்களை எண்ணுவதில்லை. வாசலிலிருந்து பார்த்தால் உயரமான நாற்காலி முதுகுகள் ஆட்களை மறைத்துவிடும். உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும் தன் மைக்கை அமுக்குவார், சிவப்பு விளக்கு எரியும். விளக்குகளைத்தான் எண்ணுவாள்.

போன வருடம் வாத்தியார் காலமானார். அடுத்த கூட்டத்தில், பழக்க தோஷத்தில் விளக்கை எண்ணி "இருக்குங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. வந்திருந்தவர்கள் மூன்று பேர். எரிந்தவை நான்கு.

மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தாள். அவர் வாத்தியார் இடத்து மேசைக்கடியில் புகுந்து பார்த்துவிட்டு, "இந்த மைக்குக்கு வயரே வரலக்கா. எலி கடிச்சு என்னைக்கோ போச்சு. இதாவது எரியறதாவது" என்று சிரித்தார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கோரம் இல்லாமல் கூட்டம் தள்ளிக்கொண்டே போனால் குழு தானாகவே இல்லாமல் போகும், அதன் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் அவள் வேலையும் போகும். லேத்தில் விரல்களைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கும் கணவர், நர்ஸ் படிப்பில் மகள். பயத்தைச் சோற்றோடு பிசைந்து விழுங்கிவிட்டு, கூட்டத்துக்குக் கூட்டம் அந்த விளக்கையும் சேர்த்து எண்ணினாள். மற்றவர்கள் கவனிக்கவில்லையா என்றால், கூட்டத்தில் யார் யார் முகத்தைப் பார்க்கிறார்கள்? எல்லோரும் காகிதத்தைத்தான் பார்ப்பார்கள்.

அப்போதுதான் பட்ஜெட் வந்தது. செலவைக் குறைக்க ஆலோசனைக் குழுக்கள் எல்லாம் கலைக்கப்படும் என்று அறிவித்தார்கள். எவ்வளவு மிச்சமாகும் என்று பார்க்க நிதித்துறை அதிகாரி ஒருவர் வந்தார். தன்மையான ஆள். உறுப்பினர்களுக்குச் சம்பளம் உண்டா என்றார். கிடையாது. பயணப்படி? யாரும் வாங்குவதில்லை. டீ? டாக்டரம்மா வீட்டு பிளாஸ்க்கில் வருகிறது. அறை அரசாங்கத்தின் சொந்தக் கட்டடம். அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. மிச்சம்னு பார்த்தா நீங்க ஒருத்தர்தான்."

தான் ஒரு மிச்சம் என்று இத்தனை வருடம் அவளுக்குத் தெரியாது.

கலைப்பதற்கும் ஒரு முறை இருந்தது. கடைசியாக ஒருமுறை கூடித் தீர்மானம் போட வேண்டும். அதற்கும் கோரம் வேண்டும். சாவதற்கும் ஆள் கணக்குக் கேட்பதுதானே அரசாங்கம். கோரம் இல்லையென்றால் விஷயம் அடுத்த பட்ஜெட்டுக்குப் போய்விடும் என்று அதிகாரியே சொன்னார். அதற்குள் மகள் படித்து முடித்துவிடுவாள். "இல்லைங்க" என்று ஒரே ஒரு சொல், அதுவும் பொய்யில்லாத சொல். பஸ்ஸில் வரும்போது உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அதிகாரி ஓரமாக ஒரு ஸ்டூலில் இருந்தார். தலைவர் கேட்டார்: "கோரம் இருக்கா?"

மூன்று விளக்குகள். அவள் வாயைத் திறந்தாள். நான்காவது மெல்லத் துடித்து, பிறகு நிலையாக எரிந்தது. இத்தனை நாள் அவள் வீட்டு உலையைக் கொதிக்க வைத்த விளக்கு. அதை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, ஆள் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? மகளை நினைத்தாள். அப்படியும் அந்தச் சொல் வரவில்லை.

"இருக்குங்க" என்றாள்.

தலைவர் வாசித்தார். குழு கலைக்கப்படுகிறது, அதன் ஒரே பணியிடம் ரத்தாகிறது. "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

ஸ்பீக்கரில் யாரோ இரண்டு தடவை செருமினார்கள்.

"சொல்லுங்க வாத்தியாரே" என்றார் தலைவர், நிமிராமலே.

சொன்ன பிறகு அவர் பேனா நகரவில்லை. டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். கடைக்காரர் தன் மைக்கைத் தள்ளி வைத்தார். அதிகாரி மூன்று நாற்காலிகளையும் பார்த்தார், நான்காவதைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார்.

"அக்கா... கோரம்னு சொன்னீங்களே..."

"இருக்குங்க" என்றாள் மறுபடியும். எந்தக் கோரத்தைச் சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது. எல்லோரும் ஆட்சேபணைக்காகக் காத்திருந்தார்கள்.

"பொண்ணு எப்படிப் படிக்குது?" என்றது அது.

"கடைசி வருஷங்கய்யா" என்றாள் கோரம்மா.