கொலைத் தொடருக்கு அடித்த துக்க மணி

1. கொலைகார ஊர்

வானொலியில் ஒலிப்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. மின்விசிறி கிறீச்சிட்டாலே எழும்பிப் போய் எண்ணெய் விடுகிற ஆள் நான். "நீங்கள் எங்கையாவது வேலைக்குப் போங்கோ, எனக்குக் கொஞ்சம் நிம்மதி வேணும்" என்று மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். அப்படித்தான் இளம் இயக்குநர் சுதனுடைய தொலைக்காட்சித் தொடருக்கு சவுண்ட் செய்யப் போனேன்.

கதை இதுதான். ஒரு சின்னக் கரையோரப் பட்டினத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொலை விழுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு துப்பறியும் அதிகாரிகள் வந்து கொலைகாரனைத் தேடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் மாடு களவு போனாலே ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். சுதனுடைய பட்டினத்திலோ அதிகாரி கதிரையில் இருந்த கையோடு ஆளாளுக்கு வாக்குமூலம் கொடுத்தார்கள். இதைச் சொன்னபோது சுதன் சிரித்தான். "அண்ணை, உங்கட வேலை சத்தம். கதையை என்னட்டை விடுங்கோ" என்றான். கெட்டிக்காரப் பெடியன்தான், ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் அசையமாட்டான்.

படப்பிடிப்பு ஊர்காவற்துறைப் பக்கம், கரம்பொன் தாண்டி ஒரு மீன்பிடிக் கிராமத்தில் நடந்தது. கொலையுண்ட பெண்ணின் செத்தவீடாக ஒரு பூட்டிக் கிடந்த வீட்டை எடுத்திருந்தார்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில். திறப்பு பக்கத்து வீட்டு ரெஜினாவிடம் இருந்தது. ரெஜினாவுக்கு நிறைமாதம். ஏற்கெனவே ஒரு பிள்ளை வயிற்றில் தவறியிருந்தது. இந்த முறையும் பிறஷர் கூடி, கால் வீங்கி, டொக்டர் கவனமாக இருக்கச் சொல்லியிருந்தார். அவளோ ஓர் இடத்தில் இருக்கமாட்டாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வேலியோரம் வந்து நின்று, "அண்ணை, இண்டைக்கு ஆரைக் கொல்லப் போறியள்?" என்று கேட்பாள்.

அவளுடைய கணவன் அன்ரன் கடற்தொழிலாளி. அவளை விட்டுவிட்டுத் தொழிலுக்குப் போக அவனுக்கு மனமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று அவள்தான் பிடித்துத் தள்ளினாள். சனிக்கிழமை பின்னேரம் அவன் எதிரேயுள்ள சிறு தீவில் போட்டிருந்த வாடிக்குப் போனான். வாடி என்றால் மீன்பிடிப்பவர்கள் தங்கும் ஓலைக் கொட்டில். போகும்போது என்னைப் பார்த்து, "அண்ணை, ஒரு கண் வைச்சுக்கொள்ளுங்கோ. சொன்னாக் கேக்கமாட்டாள்" என்றான்.

2. மணி

செத்தவீட்டுக் காட்சிக்குக் கோயில் மணி வேண்டும் என்று சுதன் நின்றான். மாதா கோயில் மணி. அந்த ஊரில் யாராவது இறந்தால் துக்க மணி அடிப்பார்கள். ஆணுக்கு ஒற்றை ஒற்றையாக விழும். பெண்ணுக்கு இரண்டு இரண்டாக விழும். கடலில் நிற்பவன்கூட அதைக் கேட்டுவிட்டு வலையை இழுத்துக்கொண்டு கரைக்கு வருவான்.

"என்னட்டை வேற மணிச் சத்தம் இருக்கு, சுதன். ஸ்ரூடியோவில போட்டுவிடலாம்" என்றேன்.

"அது வெள்ளைக்காரன்ர மணி மாதிரி இருக்கும் அண்ணை. எனக்கு இந்த மணிதான் வேணும்."

கோயில் பாதர் நல்ல மனிதர், சம்மதித்தார். ஞாயிறு பூசை முடிந்ததும், வியாழக்கிழமை நாடகத்துக்காக மணி அடிக்கப்படும், ஒருவரும் பதறவேண்டாம் என்று அறிவித்தார். மணி அடிக்கும் சவிரிமுத்து அண்ணைக்குத்தான் பிடிக்கவே இல்லை.

"செத்தது ஆர்?" என்று சுதனைக் கேட்டார்.

"ஒருத்தரும் சாகேல்லை அப்பு. நாடகம்."

"ஒருத்தரும் சாகாமல் எப்பிடி அடிக்கிறது?"

பாதர் சொன்னதற்காகத்தான் ஒத்துக்கொண்டார். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஞாயிறு அறிவித்தபோது அன்ரன் வாடியில் இருந்தான். வியாழனுக்கு முன் அவன் திரும்பிவிடுவான், வந்ததும் சொல்லலாம் என்று ரெஜினா இருந்தாள். அதற்குள், செவ்வாய் காலை, இன்ஸ்பெக்டராக நடித்தவர் கொழும்புக்கு அவசரமாகப் போகவேண்டும் என்றார். சுதன் உடனே ஷெட்யூலை மாற்றினான். செத்தவீடும் மணியும் இன்றைக்கே. உதவி இயக்குநர் பிரியா வீடு வீடாக ஓடிச் சொன்னாள். கரையில் நின்றவர்களுக்கும் சொன்னாள். வாடியில் ஓர் ஆள் இருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்த எனக்கோ அந்த அவசரத்தில் ஞாபகம் வரவில்லை. ரெஜினா வீட்டில் அவள் சொன்னபோது ரெஜினா, "எனக்குத் தெரியும் பிள்ளை, நீர் போம்" என்று அனுப்பிவிட்டாளாம். அன்ரனுக்குப் போன் எடுத்துப் பார்த்திருக்கிறாள். தீவில் சிக்னல் காற்றுக்கு வருவதும் போவதுமாக இருக்கும். அந்த நேரம் கிடைக்கவில்லை. பிறகு எடுப்போம் என்று வேடிக்கை பார்க்க வந்து இருந்துவிட்டாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ரெக்கோடிங் தொடங்குமுன் எல்லாருடைய போனையும் நிறுத்தி ஒரு ஓலைக் கடகத்துக்குள் வாங்கி வைப்போம். ஒரு போன் அலறினால் ரேக், அதாவது அந்தப் பதிவு, முழுவதும் நாசம். பிரியா அன்றைக்கும் கடகத்தோடு வந்தாள். வேடிக்கை பார்த்த சனமும் போனைப் போட்டது. ரெஜினாவும் போட்டாள்.

3. ஹெட்போனுக்குள் வந்த எஞ்சின்

வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் வாசலில் வெள்ளைக் கொடிகள். முற்றத்தில் வாடகைக் கதிரைகள். வேலியோரம் பொலிஸ் ஜீப். விறாந்தையில் பெட்டிக்குள் நடிகை கண்ணை மூடிக் கிடந்தாள். நான் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒழுங்கை முகப்பில் இருந்தேன். அன்றைக்கு எனக்குக் காரணமில்லாமல் இருப்புக்கொள்ளவில்லை. லெவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மணி தொடங்கியது. இரண்டு அடி. இடைவெளி. இரண்டு அடி. பொய் என்று தெரிந்துகொண்டே கிழவிகள் சிலுவை அடையாளம் போட்டார்கள். சத்தம் அருமையாக விழுந்தது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சிறிது நேரத்தில் மணிக்குப் பின்னால் ஒரு இரைச்சல் கேட்டது. படகு எஞ்சின். என் ரேக்கில் மண் விழுந்துவிட்டதே என்றுதான் முதலில் கோபம் வந்தது. ஆனால் அந்த எஞ்சின் சரியாக ஓடவில்லை. அது தாங்கக்கூடியதைவிட முறுக்கி ஓட்டினார்கள். கரைக்குக் கிட்ட வரும்போது எந்தக் கடற்தொழிலாளியும் வேகத்தைக் குறைப்பான். இது குறைக்கவில்லை. படகின் அடி கல்லில் உரசுவது கேட்டது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்தேன். "கட் பண்ணு, மணியை நிப்பாட்டு!" என்று கத்தினேன்.

அதற்குள் அன்ரன் ஒழுங்கைக்குள் வந்துவிட்டான். இடுப்புவரை ஈரம், முழங்காலில் இரத்தம். என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான். வெள்ளைக் கொடியைப் பார்த்தான். தன் வேலியோரம் பொலிஸைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அவன் அலறிய குரலை நான் எழுதமாட்டேன். பெட்டியின் விளிம்பைப் பிடித்து விழுந்தபோது உள்ளே கிடந்த நடிகை பயந்து எழுந்து இருந்தாள். அவன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான்.

ரெஜினா கதிரையிலிருந்து எழும்பி, அந்த வீங்கிய காலோடு ஓடி வந்தாள். "அன்ரன், இஞ்சை பாருங்கோ, நான் இஞ்சை நிக்கிறன்!" அவன் அவளுடைய முகத்தையும் கையையும் வயிற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

சுதன் தண்ணீர்ப் போத்தலோடு போய், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, இண்டைக்கு ஷூட்டிங் எண்டு..." என்று இழுத்தான்.

"உங்கட கொடியை நம்பியிருக்க மாட்டன்" என்றான் அன்ரன். "நாடகக்காரர் பொய்தான் கட்டுவியள். போன் அடிச்சு அடிச்சுப் பாத்தன், நிப்பாட்டிக் கிடந்தது. கோயில் மணியும் பொய் சொல்லுமெண்டு ஆர் நினைச்சது?"

மைக் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கே மறந்துபோனது. சுதனுக்கு மறக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் மெல்ல வந்தான்.

"அண்ணை, அந்தக் குரல் விழுந்திருக்கோ?"

"விழுந்திருக்கு."

"கொலை செய்யப்பட்டவளின்ர புருஷனுக்குப் போடலாம். எந்த நடிகனாலயும் அது ஏலாது."

நான் ரெக்கோடரைக் கையில் எடுத்து, அவன் பார்த்திருக்க மெமரி காட்டை ஃபோர்மற் செய்து அழித்தேன். மணியும் அதோடு போனது. சுதன் கோபத்தில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு தானே வந்து, "நல்ல வேலை செய்தியள்" என்றான். சவிரிமுத்து அண்ணை இன்னொரு தரம் கயிற்றைத் தொட மறுத்துவிட்டார். அந்தப் பாகத்தில் மணியே இல்லை. இரண்டு துப்பறிவாளர்களும் வெறும் காற்றுச் சத்தத்துக்குள் நடந்து போவார்கள்.

4. போன்

விஷயம் அதோடு முடியவில்லை. பெண்ணுக்கு மணி அடித்தாயிற்று, பெண் இன்னும் போகவில்லை, இனி ஒருத்தி போகத்தான் வேண்டும் என்று ஊருக்குள் ஒரு முணுமுணுப்பு. ஒருவரும் பெயர் சொல்லவில்லை. எல்லாரும் ரெஜினாவின் வயிற்றைப் பார்த்தார்கள். அவள் வேலிப் பக்கம் வருவதை விட்டாள். பாதர் வீட்டுக்கே வந்து ஜெபித்துவிட்டுப் போனார். எனக்கு இந்த நம்பிக்கைகளில் ஒட்டுதல் இல்லை. ஆனாலும் படப்பிடிப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபின் சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். மனைவி என்னைத் திரும்பவும் வேலைக்குக் கலைத்துத் துரத்தப் பார்த்தாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மைக்குக்குள் என்ன வருகிறது என்று எல்லாரும் பார்ப்போம். நாம் எழுப்புகிற சத்தம் வெளியே எவ்வளவு தூரம் போகிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்பதையும் விசாரித்துவிட்டு ரெக்கோட் பட்டனை அழுத்துங்கள்.

ஒரு காலை அன்ரனின் இலக்கம் வந்தது. எடுத்தேன்.

"அண்ணை, பொம்பிளைப் பிள்ளை!" என்றான். போனைப் பிள்ளைக்குக் கிட்டப் பிடித்தான். பிள்ளை வீரிட்டு அழுதது. நல்ல தொண்டை. எனக்கு அது போதவில்லை. அழுகைக்குப் பின்னால் காதைக் கொடுத்தேன். கட்டில் இழுபட்டது, யாரோ நேர்ஸ் ஏசினாள். நான் தேடிய குரல் இல்லை.

"அன்ரன், ரெஜினா எங்கை?"

"இஞ்சைதான் அண்ணை."

"போனை அவவிட்டைக் குடும்."

கொஞ்ச நேரம் சரசரப்பு. பிறகு களைத்த ஒரு மூச்சு.

"அண்ணை," என்றாள் ரெஜினா, "நான் இருக்கிறன்."