ஸாம்பிளில் விழுந்த எங்கள் வீடு

1. பென்சில் நின்ற எண்

ரேண்டம் நம்பர் டேபிள் என்று ஒன்று உண்டு. பக்கம் பக்கமாக வெறும் எண்கள். இன்றைக்குக் கம்ப்யூட்டர் செய்கிற வேலையை அன்றைக்கு நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வோம். பென்சிலை நீட்டி ஒரு பக்கத்தில் வைத்தால், அது எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மைசூரில் நகரங்களைப் பற்றி பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். ஊரின் ஓரத்தில் புதிதாக முளைத்த வார்டுகளில் யார் வந்து குடியேறுகிறார்கள், ஏன் வந்தார்கள் என்பதுதான் தலைப்பு. என் கைடான பேராசிரியரிடமே ரங்கநாயகி என்று ஒருத்தியும் ஆராய்ச்சி செய்தாள். மேல்கோட்டைக்காரி, ஹாஸ்டலில் இருந்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே சர்வே. ஒருத்தி கேட்பாள், இன்னொருத்தி ஷெட்யூல் என்கிற கேள்வித்தாளில் எழுதுவாள்.

அன்றைக்குப் பென்சிலை வைத்தவள் அவள்தான். கண்ணைத் திறந்து பார்த்தவள், "ஏண்டி செல்வி, இது உங்காத்து நம்பர் இல்லையோ?" என்றாள்.

எங்கள் வீடேதான். கைடிடம் போய், வேறு எண் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் கன்னடத்தில் சொன்னதன் சாரம் இது: "ஸாம்பிளில் வந்த வீடு வந்ததுதான். உன் வீடு என்று இன்றைக்கு விட்டால் நாளைக்கு நாய் இருக்கிற வீட்டையும் விடுவாய். கேள்வியை அவள் கேட்கட்டும். நீ எழுது. வாயைத் திறக்காதே."

வாயைத் திறக்காமல் இருப்பது மட்டுமல்ல, முகத்திலும் எதுவும் தெரியக் கூடாது. எங்கள் தொழிலின் முதல் பாடம் அது. ஒருவர் தனக்கு மூன்று சம்சாரம் என்று சொன்னாலும், "சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். எனக்கு அது நன்றாகவே வரும் என்று ஒரு கர்வம் இருந்தது.

2. அப்பா சொன்ன பதில்

அப்பா நூல் ஆலையில் ஃபிட்டர். கொள்ளேகால் பக்கத்துக் கௌதள்ளியிலிருந்து வந்தவர். கேள்வித்தாளோடு யார் வாசலில் நின்றாலும் அவருக்கு அது சர்க்கார் காரியம். மக்கள்தொகை கணக்கெடுக்க வந்தவரிடம் வயதைக் குறைத்துச் சொன்னதற்காக எதிர்வீட்டுக்காரரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்த மனிதர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். "வாங்கம்மா, உக்காருங்க" என்று எங்கள் இருவரையும் சேர்த்தே மரியாதையாக அழைத்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தேன்.

மைசூருக்கு வந்த காரணம் என்ன என்றாள் ரங்கநாயகி. வேலை என்றார். பதில்களை எண்ணாகத்தான் குறிப்போம்; வேலைக்குக் கோட் ஒன்று. பிறகு குடும்ப உறுப்பினர்கள். வரிசை எண் ஒன்று அப்பா. இரண்டு அம்மா, எட்டாம் வகுப்பு.

"அதுக்கு மேல படிக்காத காரணம் சொல்லுங்கோ."

"கல்யாணமுங்க."

கோட் நாலு. எழுதினேன். வரிசை எண் மூன்று நான்.

"பொண்ணு இன்னும் படிச்சிண்டுதானே இருக்கா?"

"இப்பப் படிக்குதுங்க. தை மாசத்தோட நிறுத்திக்கும்."

ரங்கநாயகி என்னைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது, ஆனாலும் பார்த்தாள். நிறுத்துகிறார்கள் என்றால் காரணம் கேட்டாக வேண்டும். கேட்டாள்.

"கல்யாணமுங்க. கொள்ளேகால்ல மாப்பிள்ளை. பேசி முடிச்சாச்சு. படிப்புக்கும் வேலைக்கும் அனுப்பறதில்லைன்னு அவங்க முன்னாடியே சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்." இதை அப்பா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரில் இருந்த காலண்டரிடம் சொன்னார்.

தலையில் இடி விழுந்த மாதிரி என்பார்கள். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இருந்த சத்தமும் நின்றுபோயிற்று. மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, ரங்கநாயகியின் உதடு அசைவது தெரிகிறது, ஒன்றும் காதில் விழவில்லை. ஆனால் கை பழக்கதோஷத்தில் என் பெயருக்கு நேரே நாலு என்று எழுதிவிட்டிருந்தது. அந்த வார்டில் வீடு வீடாக எத்தனையோ பெண்களுக்கு அதே கை அதே நாலைப் போட்டிருக்கிறது. ஒரு தடவையும் பேனா நின்றதில்லை.

அதற்குப் பிறகும் கேள்விகள் இருந்தன. குழாய்த் தண்ணீர் தினமும் வருகிறதா, ரேஷன் கார்டு உண்டா, கக்கூஸ் உள்ளேயா வெளியேயா. எல்லாவற்றையும் எழுதினேன். முடிந்ததும் அப்பா எழுந்து கேட் வரைக்கும் வந்து எங்களை வழியனுப்பினார். என் வீட்டிலிருந்து என்னை.

3. ஸ்க்ரூட்டினி

அக்ரஹாரத்தில் ஒரு காபிக் கடையில் போய் உட்கார்ந்தோம். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெற்ற பெண்ணிடம் சொல்லாததை ஒரு ஷெட்யூலிடம் சொல்கிறாரே இந்த மனுஷர் என்று பொரிந்து தள்ளினேன். ரங்கநாயகி காகிதத்தை வாங்கி ஸ்க்ரூட்டினி பண்ண ஆரம்பித்தாள். எழுதியதை மற்றவள் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த நேரத்தில் அவள் அதைச் செய்தது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"தப்பா எழுதியிருக்கே" என்றாள்.

"என்ன தப்பு?"

"படிக்கறான்னா, நிறுத்தின காரணம் காலியா இருக்கணும். நடந்ததைத்தான் எழுதணும். நீ நின்னுட்டியா என்ன?"

காகிதத்தை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னொண்ணு. வயசு வந்தவாளை அவா அவாளைத்தான் கேக்கணும்னு ரூல் இருக்கு. நாமதான் சோம்பேறித்தனமா ஆத்துப் பெரியவர் வாயாலயே எல்லாத்தையும் வாங்கிண்டு வந்துடறோம். உன்னை யார் கேட்டா?"

பதிலில் சந்தேகம் இருந்தால் அதே வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும். அதற்குக் கால்-பேக் என்று பெயர். காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

4. கால்-பேக்

அப்பா இஸ்திரி சட்டையைக்கூடக் கழற்றவில்லை. காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தேன்.

"ஒரு திருத்தம் இருக்குங்க. மூணாம் நம்பர் படிப்பை நிறுத்திக்கும்னு சொன்னீங்களே, அவளைக் கேட்டுட்டுச் சொன்னீங்களா?"

சர்வேயில் பொய் சொல்ல அவரால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

"கேக்கலை" என்றார்.

"அப்ப அந்தப் பதில் செல்லாதுங்கப்பா." நாலை அடித்தேன்.

"கண்ணு, நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"படிக்கறது நான்தானேப்பா."

அதற்குள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். "எனக்கு என்ன எழுதினே?" என்று கேட்டாள்.

"எட்டாவதோட நின்னது. காரணம் கல்யாணம்."

"கல்யாணம்தான். ஆனா என்ற கல்யாணம் இல்லை" என்றாள் அம்மா. "எட்டாவதுக்கு மேல ஹனூருக்குப் போகோணும். நானும் எங்கூடப் படிச்ச மாதேவியும் ஒண்ணாப் போறதா இருந்துச்சு. அவளுக்குக் கல்யாணம் வெச்சுட்டாங்க. துணையில்லாம எப்படி அனுப்பறதுன்னு என்னையும் நிறுத்திட்டாங்க. எனக்குக் கல்யாணமானது அதுக்கு அப்பறம் அஞ்சாறு வருசம் கழிச்சு."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "இதை நீ சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதே இல்லீங்களே."

அம்மா அதோடு நிறுத்தவில்லை. "ஊருக்கு வந்த காரணம் வேலைன்னு எழுதியிருப்பே. இவருக்குக் கொள்ளேகால்லயே வேலை இருந்துச்சு. பள்ளிக்கூடமும் காலேஜும் நடந்து போற தூரத்துல இருக்கற ஊர் வேணும்னு நான்தான் பிடிவாதம் புடிச்சேன். பொண்ணு யார் துணையும் தேடாமப் போய் வரட்டும்னு. எதுக்குடீன்னு அப்பவும் இவரு கேக்கலை."

எனக்கு அன்றைய இரண்டாவது அதிர்ச்சி அது. மைசூருக்கு ஜனங்கள் ஏன் வருகிறார்கள் என்று தெருத் தெருவாக அலைந்தவள் நான். என் வீடு ஏன் வந்தது என்று அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. அம்மா சொன்ன இரண்டு காரணத்துக்கும் எங்களிடம் கோட் இல்லை. ஓரத்தில் எழுத்தாகவே எழுதினேன்.

அடுத்த ஞாயிறு அப்பா யாரிடமும் சொல்லாமல் கொள்ளேகாலுக்கு பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "படிப்பு முடியட்டும்னு கேட்டேன். அதெல்லாம் ஆகாதுன்னுட்டாங்க. நானும் சரின்னுட்டேன், வேற பொண்ணு பாத்துக்கங்கன்னு."

இப்போது சர்வேக்குப் போகிற நீங்கள் கையில் டேப்லெட் வைத்திருக்கிறீர்கள். குடும்பத் தலைவர் சொன்னார் என்று தட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். வீட்டில் வயது வந்தவர் எத்தனை பேரோ அத்தனை பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள். நேரமாகும், கைடு திட்டுவார், திட்டட்டும். அந்த வார்டில் நாலு போட்ட வீடுகளுக்கெல்லாம் நானும் ரங்கநாயகியும் மறுபடி நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் எனக்கு மாதேவியின் நினைவு வந்தது. அவள் எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்று அம்மாவுக்கே தெரியாது. அவளை யாராவது கேட்டார்களா என்றும் தெரியாது.